கடலைக் காட்டலாமா? சிகிச்சைக் காலத்தில் சிறு குழந்தைகளுடன் வெளியே செல்வது பற்றி

எங்கள் குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் சிகிச்சை பெறுவோரில் பலர் வெளியூர்க் குழந்தைகள். விழுப்புரம், தருமபுரி, திருவண்ணாமலை போன்ற இடங்களிலிருந்து வந்து, மருத்துவமனைக்கு அருகில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, பெற்றோருடன் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். சென்னையில் அரை ஆண்டு வாழ்ந்தும் அறை, ஆட்டோ, வார்டு ஆகிய மூன்றையும் தவிர வேறெதையும் பார்த்திராத குழந்தைகள் அவர்களில் உண்டு. "சிஸ்டர், இவன் கடலைப் பார்க்கணும்னு தினமும் கேக்கிறான். கூட்டிட்டுப் போகலாமா?" என்று வெளிநோயாளர் பிரிவில் தாய்மார் தயங்கித் தயங்கிக் கேட்பதுண்டு. கேட்கவே அஞ்சி, சிகிச்சை முடியும்வரை குழந்தையை அறைக்குள்ளேயே வைத்திருப்போரும் உண்டு.

பெரும்பாலான குழந்தைகளுக்குச் சிகிச்சையின் ஏதோ ஒரு கட்டத்தில், சரியான நாளில், சரியான இடத்திற்குச் சென்று வரலாம் என்பதே எங்கள் விடை. அந்த நாளை எவ்வாறு அறிவது, எங்கே செல்வது, எதை உடன் கொண்டு செல்வது, எப்போது உடனே திரும்புவது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்குகிறோம். குறிப்பாக, நிணநீர்வழி இரத்தப் புற்றுநோய்க்குப் பராமரிப்புச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளை மனத்தில் கொண்டு எழுதியுள்ளோம். பிற நோய்களுக்குச் சிகிச்சை பெறுவோர் தங்கள் மருத்துவரைக் கேட்டு இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

வெளியே செல்வதால் என்ன பயன்?

இச்சிகிச்சை முழுமையாக முடிய இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் ஆகும். முதல் சில மாதங்கள் கடுமையானவை. பெரும்பகுதி மருத்துவமனையிலேயே கழியும். அதன்பின் வரும் பராமரிப்புக் கட்டத்தில் குழந்தை வீட்டிலிருந்தே மாத்திரை உட்கொள்கிறது. குறித்த நாள்களில் மட்டும் மருத்துவமனைக்கு வருகிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கு இரண்டு ஆண்டுகள் என்பது அதன் நினைவில் உள்ள வாழ்நாளில் பெரும்பகுதி ஆகும். அதை முழுவதும் நான்கு சுவர்களுக்குள் கழிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

உடல் நலத்திற்கும் நடமாட்டம் தேவை. வின்கிரிஸ்டின் என்னும் ஊசி மருந்தும் ஸ்டீராய்டு மருந்துகளும் கால் தசைகளைத் தளரச் செய்யக்கூடும். படுத்தே இருக்கும் குழந்தைக்குத் தளர்ச்சி மிகும். திறந்த வெளியில் மெதுவாக நடப்பதும் நின்று வேடிக்கை பார்ப்பதும் அக்கால்களுக்கு நல்ல பயிற்சி. வெளியே சென்று வந்த நாளில் பசியும் உறக்கமும் சற்றே சீராக இருப்பதைப் பெற்றோர் பலர் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இரத்தப் பரிசோதனைத் தாளைப் பாருங்கள்

செல்லலாமா என்பதை முதலில் தீர்மானிப்பது இரத்தப் பரிசோதனைத் தாள். அதில் இரண்டு எண்களை நீங்களே பார்க்கக் கற்றுக்கொள்ளலாம்.

முதலாவது, நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை. கிருமிகளை எதிர்த்து முதலில் போரிடும் அணுக்கள் இவையே. தாளில் மொத்த வெள்ளணு எண்ணிக்கை ஒரு வரியிலும், நியூட்ரோஃபில் சதவீதம் மற்றொரு வரியிலும் இருக்கும். இரண்டையும் பெருக்கி நூறால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, மொத்த எண்ணிக்கை 2,400 என்றும் நியூட்ரோஃபில் 50 சதவீதம் என்றும் இருந்தால், நியூட்ரோஃபில் எண்ணிக்கை 1,200 ஆகும். 1,000க்கு மேல் இருந்தால் கூட்டமில்லாத திறந்த வெளிக்குச் செல்லப் பொதுவாக இசைவளிக்கிறோம். 500க்கும் 1,000க்கும் இடையில் இருந்தால் எங்களைக் கேட்டபின் முடிவு செய்யுங்கள். 500க்குக் கீழே இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

இரண்டாவது, தட்டணுக்களின் எண்ணிக்கை. இரத்தம் உறைவதற்கு இவை வேண்டும். 50,000க்குக் கீழே இருக்கும்போது ஊஞ்சல், சறுக்குமரம், ஓட்டம் ஆகியவை வேண்டா; கீழே விழுந்தால் உள்ளே இரத்தம் கசியக்கூடும். 20,000க்குக் கீழே இருந்தால் வெளியே செல்லவே வேண்டா.

மிக அண்மையில் எடுத்த பரிசோதனையையே கணக்கில் கொள்ளுங்கள். பத்து நாள்களுக்கு முந்தைய தாளை நம்பிப் புறப்படுவது சரியன்று. வலிமையான கீமோ மருந்து செலுத்திய 7 முதல் 14 நாள்களுக்குள் அணுக்கள் மிகவும் குறையும் என்பதால், அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்ளும் நாள்களில் குழந்தைக்குக் கடும் பசியும் எரிச்சலும் அழுகையும் மிகுதியாக இருக்கும். அந்த நாள்களில் நெடும்பயணம் மேற்கொண்டால் குழந்தைக்கும் துன்பம், உங்களுக்கும் துன்பம்.

முதல் பயணம்: இரண்டு மணி நேரம்

முதன்முறை செல்லும்போது, வீட்டிலிருந்து புறப்பட்டுத் திரும்பும்வரை இரண்டு அல்லது மூன்று மணி நேரத்திற்குள் முடித்துக்கொள்ளுங்கள். குழந்தை களைத்துப்போவதற்கு முன்பே திரும்பிவிடுவது நன்று. வார நாளின் காலையே ஏற்றது. கூட்டம் குறைவு, வெயிலும் குறைவு.

கடற்கரை. காலை 6 மணி முதல் 7.30 மணிக்குள் மெரினாவோ பெசன்ட் நகர்க் கடற்கரையோ செல்லலாம். மணலில் நடக்க இயலாத குழந்தைகளுக்காக, மெரினாவில் விவேகானந்தர் இல்லத்திற்கு எதிரே சக்கர நாற்காலி செல்லக்கூடிய மரப்பாதை 2022ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. அதன் வழியே தள்ளிச் சென்றால் அலைக்கு அருகிலேயே அமர்ந்து பார்க்கலாம். கடலில் இறங்கிக் குளிப்பது எந்தக் குழந்தைக்குமே ஆபத்தானது, நீரோட்டம் வலியது. கையில் பிக் லைன் பொருத்தியிருக்கும் குழந்தையின் கட்டு நனையவே கூடாது. காலில் புண் இல்லாத குழந்தை, செருப்புடன், உங்கள் கையைப் பிடித்தபடி அலை விளிம்பில் நிற்கலாம். மணலில் கண்ணாடித் துண்டுகள் இருக்கக்கூடும் என்பதால் வெறுங்காலுடன் விடாதீர்கள். திரும்பியதும் கால்களைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

அண்ணா நூற்றாண்டு நூலகம். கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட இந்நூலகத்தின் முதல் தளத்தில் குழந்தைகளுக்கென்றே ஒரு பெரிய பிரிவு உள்ளது. மின்தூக்கி உண்டு, உட்கார வசதியான இருக்கைகள் உண்டு. கால் தளர்ந்த குழந்தைக்கும், வெயில் ஆகாத குழந்தைக்கும் ஏற்ற இடம். மூடிய கூடம் என்பதால் முகக்கவசம் அணிந்து, பள்ளி வேலை நாளில் முற்பகலில் செல்லுங்கள். பலர் தொட்ட நூல்களைப் புரட்டியபின் கைகளைக் கழுவினால் போதும்.

கிண்டி சிறுவர் பூங்கா. கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டி அமைந்துள்ளது. பெரிய மரங்களின் நிழலில் மான்களையும் பறவைகளையும் பார்த்தபடி நடக்கலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. பறவைக் கூண்டுகளுக்கு மிக அருகில் செல்லாமல், சில அடிகள் தள்ளி நின்றே காட்டுங்கள். பறவை எச்சம் காய்ந்து தூசியாகக் கலந்த காற்று இக்குழந்தைகளின் நுரையீரலுக்கு ஆகாது. மண்ணைக் கிளறி விளையாடுவதையும், கட்டட வேலை நடக்கும் இடத்தின் அருகே நிற்பதையும் இதே காரணத்தால் தவிர்க்கச் சொல்கிறோம்.

அடுத்த படி: அரை நாள்

இரண்டு மூன்று சிறு பயணங்கள் இடரின்றி முடிந்தபின் அரை நாள் வெளியே இருக்கலாம்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. விலங்கியல் கூடத்தில் உள்ள திமிங்கில எலும்புக்கூட்டைக் கண்டு வாய் பிளக்காத குழந்தையை நாங்கள் அறியோம். வளாகம் பெரியது, எல்லாக் கட்டடங்களையும் ஒரே நாளில் பார்க்க முயலாமல், ஒன்றிரண்டு கூடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை.

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 602 ஹெக்டேர் பரப்புடையது. அதை நடந்து சுற்றுவது நலமுள்ள குழந்தைக்கே கடினம். பேட்டரி வண்டிகள் உள்ளன. நுழைவாயிலிலேயே அதற்குச் சீட்டு வாங்கிவிடுங்கள். காலையில் திறந்தவுடன் சென்று, முற்பகலுக்குள் திரும்பினால் வெயிலும் கூட்டமும் இரா. செவ்வாய்க்கிழமை விடுமுறை. எந்த விலங்கையும் தொடவோ உணவூட்டவோ வேண்டா.

காணும் பொங்கல் அன்று மெரினாவிலும் வண்டலூரிலும் கிண்டியிலும் பெருங்கூட்டம் கூடும். அன்றும், பள்ளி விடுமுறைக் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளிலும் இவ்விடங்களுக்குச் செல்லாதீர்கள்.

முழு நாள்: கிழக்குக் கடற்கரைச் சாலை

அணுக்களின் எண்ணிக்கை நிலையாக இருந்து, மருத்துவரும் இசைவளித்தால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு முழு நாள் செல்லலாம். முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவில் தென்னிந்திய மாநிலங்களின் பழைய வீடுகளை முற்றமும் திண்ணையுமாக அப்படியே அமைத்திருக்கிறார்கள். நடுநடுவே திண்ணையில் குழந்தையைப் படுக்க வைக்கலாம் என்பது பெற்றோருக்குப் பெரிய வசதி. இதற்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. சற்றுத் தொலைவில், 1976இல் நிறுவப்பட்ட முதலைப் பண்ணை இருக்கிறது. அங்கே திங்கட்கிழமை விடுமுறை. முதலைகளைப் பார்ப்பதில் தீங்கில்லை. ஆமை, பல்லி, பாம்பு போன்ற ஊர்வனவற்றைக் கையில் கொடுத்தால் மட்டும் மறுத்துவிடுங்கள். அவற்றின் தோலில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும்.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மாமல்லபுரத்தின் நினைவுச் சின்னங்களை யுனெஸ்கோ 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அர்ச்சுனன் தபசுப் பாறையில் செதுக்கிய யானைகளையும், அவற்றின் காலடியில் நிற்கும் குட்டிகளையும் எண்ணச் சொன்னால் குழந்தைகள் நெடுநேரம் அங்கேயே நிற்பார்கள். ஆயினும் அங்கே நிழல் குறைவு. பாறை விரைவில் சூடேறும். காலை 9 மணிக்குள் பார்த்து முடித்துவிட்டு நிழலுக்குத் திரும்ப வேண்டும். மெத்தோட்ரெக்சேட், கோட்ரைமாக்சசோல் ஆகிய மருந்துகளை உட்கொள்ளும் குழந்தைகளின் தோல் வெயிலில் எளிதில் சிவந்து புண்படும். முழுக்கைச் சட்டை, அகன்ற விளிம்புள்ள தொப்பி, குடை ஆகியவை கட்டாயம்.

போக்குவரத்துச் செலவு பலருக்குக் கவலை. அரசுப் பேருந்துகளில் 5 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கட்டணமில்லை. மாநகரின் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கும் கட்டணமில்லை. வேலைக்குச் செல்வோர் நெருக்கும் நேரத்தைத் தவிர்த்து, காலையில் முதலில் வரும் பேருந்தில் சன்னலோரம் இடம் பிடித்தால், தாயும் குழந்தையும் செலவின்றிக் கடற்கரைக்குச் சென்று வரலாம்.

பையில் இருக்க வேண்டியவை

காய்ச்சல் அளக்கும் தெர்மாமீட்டர், மருத்துவமனைக் கோப்பின் நகல், எங்கள் பிரிவின் தொலைபேசி எண், அன்றைய மாத்திரைகள், இரண்டு முகக்கவசங்கள், கை கழுவும் திரவம், மாற்றுடை, வாந்தி வந்தால் பிடிக்க ஓர் உறை, சுத்தமான துணி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மூக்கில் இரத்தம் வந்தால் குழந்தையை உட்கார வைத்துத் தலையை முன்புறம் சற்றே குனியச் செய்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். அதன்பின்னும் நிற்காவிட்டால் உடனே புறப்பட்டு வாருங்கள்.

உணவை வீட்டிலிருந்தே கொண்டு செல்லுங்கள். இட்லி, காலையில் கிளறிய எலுமிச்சைச் சாதம், தோலுரித்து உண்ணும் வாழைப்பழம், கொதிக்க வைத்து ஆறிய நீர் ஆகியவை போதும். சமைத்த சோற்றைச் சில மணி நேரத்திற்குள் உண்டுவிட வேண்டும். கடற்கரையில் விற்கும் நறுக்கிய மாங்காய், பானிபூரி, ஐஸ் போட்ட பழச்சாறு ஆகியவற்றுக்குக் குழந்தை அடம்பிடிக்கும். புறப்படுவதற்கு முன்பே, "அங்கே வாங்க மாட்டோம், உனக்குப் பிடித்ததை நாம் கொண்டு போகிறோம்" என்று சொல்லிவைத்தால் அழுகை குறையும். மூடி முத்திரையிட்ட பிஸ்கட் பொட்டலம் ஒன்றை வாங்கிக் கொடுப்பதில் தவறில்லை.

அண்ணனும் தங்கையும்

நோயுற்ற குழந்தைக்கு ஓர் அண்ணனோ தங்கையோ இருந்தால், இக்காலத்தில் அவர்கள் பெரும்பாலும் பாட்டி வீட்டில் விடப்பட்டிருப்பார்கள். தாய் தந்தையை அவர்கள் தொலைபேசியில்தான் பார்க்கிறார்கள். முடிந்தால் அவர்களையும் இப்பயணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குச் சளி, இருமல், காய்ச்சல், உடலில் கொப்புளம் எதுவும் இல்லை என்பதை மட்டும் முதலில் உறுதிசெய்யுங்கள். பூங்காவில் தம்பி அமர்ந்திருக்க, அண்ணன் ஊஞ்சல் ஆடட்டும். "தம்பிக்கு முடியாது, நீயும் ஆடாதே" என்று தடுத்தால், நோயின் மீது வரவேண்டிய கோபம் தம்பியின் மீது திரும்பிவிடும்.

முடி உதிர்ந்த தலையையும் முகக்கவசத்தையும் கண்டு அயலார் சிலர் நெருங்கி வந்து கேள்வி கேட்பார்கள். குழந்தையின் முன்னிலையில் நீங்கள் கலங்க வேண்டா. "மருந்து சாப்பிடுகிறான், குணமாகி வருகிறான்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நடந்துவிடுங்கள். நீங்கள் சொல்லும் அவ்விடையைக் குழந்தையும் கேட்கிறது. பின்னர்ப் பள்ளிக்குத் திரும்பும்போது அதே விடையைத் தானும் சொல்லும்.

உடனே திரும்ப வேண்டிய வேளை

குழந்தையின் உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட் அளவை எட்டினால், எங்கே இருந்தாலும் உடனே எங்களை அழைத்து, மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். வெள்ளணு குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் ஒன்றே முதல் அறிகுறியாக இருக்கும். சில மணி நேரத்தில் நிலைமை மோசமாகக்கூடும். நாங்கள் சொல்லாமல் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். அது காய்ச்சலை மறைத்துவிடும். பயணத்தைப் பாதியில் நிறுத்த மனமின்றி, மாலைவரை பொறுத்திருந்து இரவில் அவசரப் பிரிவுக்கு வந்த குடும்பங்களை நாங்கள் கண்டிருக்கிறோம். அவர்களைக் குறைகூறவில்லை. எத்தனையோ நாள் காத்திருந்து கிடைத்த ஒரு நாளை விட்டுவர யாருக்கும் மனம் வராது. ஆனால் கடல் அங்கேயே இருக்கும். அடுத்த மாதமும் போகலாம்.

நடுக்கம், மூச்சுத் திணறல், அளவுக்கு மீறிய சோர்வு, பிக் லைன் பொருத்திய இடத்தில் சிவப்போ வலியோ, புதிதாகத் தோன்றும் சிவந்த புள்ளிகள் ஆகியவற்றுக்கும் இதுவே விதி. அம்மை அல்லது தட்டம்மை கண்ட ஒருவருடன் குழந்தை பழகியது பின்னர்த் தெரியவந்தால், குழந்தை நன்றாக இருந்தாலும் அன்றே எங்களிடம் சொல்லுங்கள். நோய் வராமல் தடுக்கும் மருந்துகளைத் தொடர்பு ஏற்பட்ட சில நாள்களுக்குள் கொடுத்தால்தான் பயன் கிடைக்கும்.

அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது, இரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, "இந்த வாரம் போகலாமா?" என்று எங்களைத் தயங்காமல் கேளுங்கள். அது வீண் கேள்வி அன்று. மருந்தின் அளவைக் கேட்பதைப் போன்றதே. இந்த வாரம் வேண்டா என்று நாங்கள் சொன்னால், எந்த வாரம் மீண்டும் கேட்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்வோம். சென்று வந்தபின் குழந்தை வரைந்த கடலையும் யானையையும் கொண்டு வந்தால், ஊசி போடும் அறையின் சுவரில் ஒட்டிவைக்கிறோம். அங்கே படுத்திருக்கும் அடுத்த குழந்தை அதைப் பார்த்து, அது எந்த இடம் என்று கேட்கும்.